இப்பத்தான் குடிச்சுட்டு வந்தோம்

தம்பி,

பெற்ற மகனைத் தம்பி என்று கூப்பிட்டே வளர்த்துவிட்டேன். உனக்கு முப்பது வயது தாண்டிய பிறகு அதை மாற்ற வரவில்லை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்னால் உண்மை பேச முடியாது, அதனால்தான். நீ மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு "டீ குடிச்சியாம்மா?" என்று கேட்டதும் "குடிச்சேன்டா, நீ சாப்பிட்டியா?" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதற்கப்புறம் உன் குரல் சந்தோஷமாக இருந்தால் அதைக் கெடுக்க மனசு வருவதில்லை, களைப்பாக இருந்தால் சொல்லவே வருவதில்லை. ஆகவே நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன். கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். வேலை முடிந்து ரூமுக்குப் போன பிறகு, உட்கார்ந்து பொறுமையாகப் படி.

முந்தாநாள் காலையில் நிவேதா எனக்குப் போன் செய்தாள். தை மாதம் உனக்குக் கட்டிவைக்கப் பேசியிருக்கிற பெண் எனக்குத் தனியாகப் போன் செய்வது அதுதான் முதல் தடவை. என்ன சமையல் அத்தை என்று கேட்டாள், சொன்னேன். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள், சொன்னேன். அப்புறம், "அத்தை, உங்க ஊரு தண்ணி உப்புன்னு எங்கம்மா சொன்னாங்க. வயலும் அப்படித்தான்னாங்க. அவங்களுக்குத் தெரியுமா?" என்றாள். அவங்களுக்கு என்றால் உனக்கு. தெரியும் என்று சொன்னால் நீ அவளிடம் மறைத்தவனாகிறாய். தெரியாது என்று சொன்னால் நாங்கள் உன்னிடம் மறைத்தவர்களாகிறோம். பதில் சொல்லாமல், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் எனக்குத்தான் தெரிந்தது. ஆண்களுக்கு வயலில் தெரிவதற்கு முன்னால் பெண்களுக்கு அடுப்பில் தெரிந்துவிடும். ஒரு நாள் டீ திரிந்துபோனது. உங்கப்பாவிடம் சொன்னேன். "பால் சரியில்ல, பால்காரனை மாத்து" என்றார். மாற்றினேன். புதுப் பால்காரன் பாலும் திரிந்தது. அவனையும் மாற்றினேன். மூன்றாவது ஆள் ரோஷக்காரர், மாட்டையே நம் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்து என் கண் எதிரில் கறந்து கொடுத்தார். நுரை அடங்குவதற்குள் அடுப்பில் ஏற்றினேன். அதுவும் திரிந்தது. அவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கும் உங்கப்பா, "மாட்டை மாத்தச் சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. பருப்பு இரண்டு மணி நேரம் கொதித்தும் கல்லாகக் கிடந்தது. சோப்பு நுரைக்கவில்லை. வயிற்றுக்குப் போகிற எல்லாவற்றிலும் உப்பு இருந்தது, அந்தச் சொல் மட்டும் வீட்டில் யார் வாயிலும் இல்லை.

உங்கப்பா ஏன் அதைச் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் அவரை நீ தப்பாக நினைப்பாய். நீ ஐ.டி.ஐ. முடித்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? வாய்க்காலில் தண்ணீரே வரவில்லை. நாம் கடைமடை, மேலே எல்லோரும் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் நமக்கு வரும், அந்த வருஷம் மிச்சமும் இல்லை. சம்பா பால் பிடிக்கிற நேரத்தில் காய்ந்தது. அப்போது உங்கப்பாதான் துணிந்து நம் போர்க்குழாயை இன்னும் ஆழமாக இறக்கினார். தண்ணீர் கொட்டியது. நம் வயலுக்குப் பாய்ச்சினார், பக்கத்து வயல்காரர்கள் கேட்காமலே அவர்களுக்கும் திருப்பிவிட்டார். ஊர் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. மறு வருஷம் ஆளாளுக்கு அதே மாதிரி ஆழமாக இறக்கினார்கள். கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம், நீயும் உன் சேக்காளிகளும் சைக்கிளில் போய்க் குளித்துவிட்டு வருவீர்களே. மேலே நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, கீழே கடல் உள்ளே வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் உயிர் கொடுத்த மனுஷனிடம் போய், நீ காட்டிய வழியில்தான் ஊர் கெட்டது என்று எவன் சொல்வான்? அவருக்கே அவர் எப்படிச் சொல்லிக்கொள்வார்? இறால் குட்டைகள் வந்ததும் ஒரு காரணம், ஆற்றில் தண்ணீர் வராததும் ஒரு காரணம். ஆனால் அவர் மனசில் இருப்பது அந்த ஒரு போர்தான். அவரிடம் நான் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை, இது என் ஊகம். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் ஊகம்.

ஊர் இதை எப்படிச் சமாளித்தது என்று கேள், வேடிக்கையாக இருக்கும். யார் வீட்டுக்கு யார் போனாலும், வாசல்படியில் கால் வைக்கும்போதே "டீயெல்லாம் வேணாம், இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்" என்று சொல்லிவிடுவார்கள். வீட்டுக்காரியும் "ஒரு வாய் குடிக்கலாமே" என்று ஒரு தடவை கேட்பாள், ஒரு தடவைதான், அதற்கு மேல் வற்புறுத்த மாட்டாள். இரண்டு பேருக்கும் மானம் தப்பும். காலை ஆறு மணிக்கு வந்தாலும் இப்பத்தான் குடித்திருப்பார்கள். குடிநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள், நம் தெரு மேடு என்பதால் பெரும்பாலும் காற்றுதான் வரும். கேன் தண்ணீர் வண்டி நம் தெருவுக்குள் வராது. வந்து ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டுக்காரர் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் கையில் காசு இருக்கிற நாளில் மெயின் ரோட்டில் வாங்கி, டூவீலரில் முன்னால் வைத்து, மேலே உரச் சாக்கைப் போட்டு மூடி எடுத்துவருவார்கள். "என்ன மச்சான் மூட்டை?" என்றால் "தவிடு" என்பார்கள். மாடே இல்லாத வீட்டுக்குத் தவிடு வரும். கேட்கிறவர் வண்டியிலும் ஒரு தவிட்டு மூட்டை இருக்கும்.

இதில் பெரிய கூத்து, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிற நாள். உப்புத் தண்ணீர் ஊர் என்று தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான்? அதனால் அன்றைக்கு விடியும்போதே தெருவில் உள்ள பெண்களெல்லாம் ஆளுக்கொரு குடம் எடுத்துக்கொண்டு, மேற்கே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அய்யனார் கோயில் கிணற்றுக்குப் போவோம். அந்தக் கிணற்றில் மட்டும் இன்னும் நல்ல தண்ணீர், ஆனால் தினமும் ஊரே இறைக்கிற அளவுக்கு ஊறாது. கொண்டுவந்து அந்த வீட்டு அண்டாவை நிரப்பிவிடுவோம். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, என்னத்துக்கு என்றும் சொல்லிக்கொள்வதில்லை. மொய் எழுதுகிற மாதிரி, இன்றைக்கு நான் உன் வீட்டுக்கு, நாளைக்கு நீ என் வீட்டுக்கு. சாதாரண நாளில் ஒருத்தியோடு ஒருத்தி முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட அன்றைக்கு வருவார்கள். நம் ஊரில் இவ்வளவு ஒற்றுமையா என்று எனக்கே பெருமையாக இருந்திருக்கிறது. நான் ஒன்பது கல்யாணத்துக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறேன்.

அதில் ஒன்று எதிர்வீட்டுக் கல்யாணம். வசந்தா மகனுக்குக் கவிதாவைப் பார்த்தபோது நான் இரண்டு நடை போனேன். கவிதா நம் ஊருக்கு வாழவந்த பிறகு இரண்டாவது வருஷம் உண்டானாள். அப்போது நீ ஊரில் இல்லை, உன்னிடம் சொன்னதெல்லாம் "பாவம், குழந்தை தங்கல" என்ற மூன்று வார்த்தைதான். மிச்சத்தை இப்போது சொல்கிறேன். அவளுக்கு ஏழாம் மாதம் கால் வீங்கியது, பிரஷர் ஏறியது. ஆஸ்பத்திரியில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் சுத்தமாக நிறுத்திவிட்டாள். உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத ரசம். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிடுவாள். சாப்பிட்டு முடித்ததும் வசந்தா ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பாள், போர்த் தண்ணீர். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த நர்ஸம்மா பிரஷர் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "உப்பு சேத்துக்கவே இல்லங்கிறீங்க, ஏன் குறைய மாட்டேங்குது? என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று நேராகக் கேட்டார். வசந்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நல்ல தண்ணிதாங்க" என்றாள். கவிதா மாமியார் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். என் மடியில் இருந்த கூடையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது, நம் தெருத் தண்ணீர். அதை எடுத்து நர்ஸம்மா கையில் கொடுத்திருந்தால் போதும், பேசக்கூட வேண்டியதில்லை. நான் கூடையின் வாயைத் துண்டால் மூடினேன். ஏன் மூடினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வசந்தாவை நாலு பேர் முன்னால் பொய்க்காரி ஆக்கக்கூடாது என்று நினைத்திருப்பேன். உங்கப்பா பேர் வெளியே வரும் என்று நினைத்திருப்பேன். மூன்று வாரத்தில் குறைமாதத்தில் பிறந்தது. பெண் குழந்தை, ஒரு பகல் இருந்தது. தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் நான் அந்தத் துண்டைப் போட்டு மூடினேன், அதை வேறு யார் தலையிலும் போட முடியாது. எனக்கு மன்னிப்பு கிடையாது தம்பி, நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷத்திலிருந்து நீ, வேலையை விட்டுவிட்டு வருகிறேன், அப்பாவோடு சேர்ந்து விவசாயம் பார்க்கிறேன், பழைய நெல் ரகமெல்லாம் போடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். உங்கப்பாவும் "வாடா, பயிர் சும்மா பச்சைப் பசேல்னு நிக்குது" என்று போனில் குதூகலமாகச் சொல்கிறார். போனை வைத்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், விளக்கை அணைத்த மாதிரி இருக்கும். உனக்கு அவர் வாட்ஸ்அப்பில் வயல் போட்டோ அனுப்பினாரே, நீகூட அதை ஸ்டேட்டஸில் வைத்தாயே, அது நம் வயல் இல்லை. மன்னார்குடிக்கு ஒரு காரியமாகப் போனபோது வழியில் வண்டியை நிறுத்தி எடுத்தது. நம் வயல் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. நாற்று நட்டால் நுனி சிவக்கிறது, கதிர் வந்தால் பாதி கருக்காய், உள்ளே அரிசி இருக்காது. மழை நன்றாகப் பெய்கிற வருஷம் கொஞ்சம் தேறும், மற்ற வருஷம் வைக்கோல்தான்.

அந்தப் போட்டோவில் வரப்போரமாக நாலு தென்னை மரம் இருக்கிறது. நம் வயலில் எங்கேடா தென்னை மரம்? பிறந்ததிலிருந்து ஓடித் திரிந்த வயல். நீ கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது முதல் நாள் உனக்கு டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாய். நான் உள்ளே போய்விட்டேன் என்று நினைத்து, மிச்சத்தைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மறுநாளிலிருந்து லீவு முடிகிற வரைக்கும், தினமும் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து "இப்பத்தான் குடிச்சேம்மா" என்றாய். பிறந்த வீட்டில் விருந்தாளி மாதிரி அதைச் சொன்னாய். ஆனாலும் எனக்கு ஒரு நிம்மதி, நல்லவேளை, நம்மைக் கேள்வி கேட்கவில்லை என்று. பார், எப்படிப்பட்ட அம்மா உனக்கு வாய்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு சந்தேகம் வந்து, போகவே இல்லை. நீ ஆசைப்படுகிறாய் என்று உங்கப்பா வா என்கிறார். அப்பா தனியாகக் கஷ்டப்படுகிறார், கூப்பிடக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து நீ வருகிறேன் என்கிறாய். அவருக்கும் இஷ்டமில்லை, உனக்கும் இஷ்டமில்லை. ஒருத்தர் மனசு கோணக்கூடாது என்று இன்னொருத்தர், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இந்த உப்புக்குள் இறங்கப் போகிறீர்கள். நான் நினைப்பது தப்பாக இருந்தால் சந்தோஷம். நீ இருக்கிற ஊரில் கடல் தண்ணீரைக் குடிக்கிற தண்ணீராக மாற்றுகிறார்களாம், நீதான் சொன்னாய். இங்கே நாங்கள் தலைகீழாகச் செய்து முடித்துவிட்டோம்.

நிவேதா வீட்டார் நம் வீடு பார்க்க வந்த நாளைப் பற்றி உங்கப்பா உன்னிடம் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று சொல்லியிருப்பார். நடந்தது இது. அன்றைக்கு விடிகாலையில் வழக்கம்போலப் பெண்கள் குடத்தோடு வந்து அண்டாவை நிரப்பினார்கள். கடைசியாகக் கவிதா வந்தாள். இடுப்பில் குடம் இருந்தது, உள்ளே தண்ணீர் இல்லை. வெறுங்குடத்தை என் வாசலில் வைத்தாள்.

"நான் எடுத்துட்டு வரல அத்தை. கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

நான் குனிந்து குடத்துக்குள் பார்த்தேன்.

"என்னைப் பாத்தப்ப எங்கப்பா இங்க ரெண்டு தம்ளர் வாங்கிக் குடிச்சாரு. இன்னும் சொல்லிக்கிட்டே இருப்பாரு, உங்க ஊரு தண்ணி தேனா இருந்துச்சும்மான்னு. அவருகிட்ட நான் இன்னிவரைக்கும் சொல்லல" என்றாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போய்விட்டாள்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள், ஏழு பேர். வலங்கைமான் பக்கம், ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். நான் அண்டாவைத் தொடவில்லை. கொல்லைப்புறம் போய் மோட்டாரைப் போட்டு, போர்த் தண்ணீரைப் பிடித்தேன். ஏழு தம்ளரில் ஊற்றித் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே தண்ணீரில் டீ போட்டேன். திரிந்தது, வடிகட்டிக் கொடுத்தேன். தம்ளர் பேசட்டும், நாம் பேச வேண்டாம் என்பது என் எண்ணம். அன்றைக்கும் வாயைத் திறக்கிற தைரியம் எனக்கு இல்லை, பார்த்துக்கொள்.

என்ன நடந்திருக்கும் என்கிறாய்? ஏழு பேரும் குடித்தார்கள். நிவேதா அப்பா ஒரு வாய் குடித்தார், தொண்டையில் நிறுத்தினார், விழுங்கினார், "டீ நல்லா இருக்குங்க" என்றார். அவருடைய அண்ணன், "இந்தப் பக்கத்து டேஸ்ட்டே தனி" என்றார். இன்னொருத்தர் தலையை ஆட்டினார். உங்கப்பாவுக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தம்ளரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இந்த வருஷ மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். எட்டு வெறும் தம்ளரைத் தட்டில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். உண்மையைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாலும், மரியாதைக்காக நம் ஜனங்கள் அதைக் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் தம்பி.

நிவேதாவின் அம்மா மட்டும் கை கழுவக் கொல்லைப்புறம் வந்தார். சோப்பைப் போட்டுத் தேய்த்தார், நுரை வரவில்லை. மறுபடி தேய்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க. உப்பு" என்றேன். அந்தச் சொல்லை நான் வெளியாளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. பால்காரர்கள், போர், வயல், கவிதாவின் குழந்தை, என் மடியிலிருந்த பாட்டில், எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா ஈரக் கையோடு நின்று கேட்டார். கடைசியில், "எங்க வீட்டுக்காரரு வீட்டுல டீயே குடிக்க மாட்டாருங்க. நல்லா இருக்குன்னு சொன்னாரு பாருங்க, அப்பவே எனக்குச் சந்தேகம்" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. போகும்போது "போன் பண்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆறு நாள் போன் வரவில்லை. "அஷ்டமி நவமி போகட்டும்னு இருப்பாங்க" என்றார் உங்கப்பா. தண்ணீரை மாற்றி வைத்ததைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டக்கூட இல்லை. ஏழாம் நாள் நிவேதா கூப்பிட்டாள். நான் போனை வைத்த பிறகு அவளே ஒரு மெசேஜ் போட்டிருந்தாள்: "நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க அத்தை. வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் இதைப் பத்திப் பேச மாட்டேன்." கெட்டிக்காரப் பெண். உனக்குச் சமயம் கொடுத்திருக்கிறாள், எனக்கும் கொடுத்திருக்கிறாள். இந்தக் கல்யாணம் நின்றுபோனால் அதற்குக் காரணம் நான்தான். அவளோடு நீ தினமும் பேசுகிறாய், உன் குரலே மாறிவிட்டது, எனக்குத் தெரியாமல் இல்லை. அதைத் தெரிந்துகொண்டேதான் மோட்டாரைப் போட்டேன். நாளைக்கு அவள் கால் வீங்கி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்க, நான் பக்கத்தில் கூடையை மூடிக்கொண்டு இருக்கிற காட்சி என் கண்ணில் வந்துகொண்டே இருந்தது. நீ என்மேல் கோபப்படு, பேசாமல் கூட இரு. அது எனக்குப் பொறுக்கும்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் அம்மா என்கிற உரிமையில் சொல்கிறேன். சொல்லாமல் இருப்பதுதான் பெருந்தன்மை என்று என்னை வளர்த்தார்கள், நானும் உன்னை அப்படித்தான் வளர்த்தேன். அடுத்தவர் தட்டில் குறை சொல்லாதே, பெரியவர் தப்பைச் சுட்டாதே, கேட்டால் நல்லா இருக்கிறது என்று சொல் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அதை மறந்துவிடு. உனக்கும் நிவேதாவுக்கும் நடுவில் அந்த மரியாதை வேண்டாம். அவள் வைத்த குழம்பு உப்பாக இருந்தால் உப்பு என்று சொல், சண்டை வந்தால் வரட்டும். சண்டை போட்டவர்கள் மறுநாள் பேசிவிடுவார்கள். நானும் உங்கப்பாவும் தண்ணீரைப் பற்றிச் சண்டையே போட்டதில்லை, எங்களைப் பார்.

இந்த நோட்டை உங்கப்பாவுக்குத் தெரியாமல் அனுப்பத்தான் முதலில் நினைத்தேன். அது இன்னொரு துண்டைப் போட்டு மூடுகிற வேலை என்று தோன்றியது. இன்று காலை அவரை உட்காரவைத்து, போர் இறக்கிய இடம் வரைக்கும் படித்துக் காட்டினேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்த் தண்ணீரில் டீ போட்டு எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினேன். "இதைக் குடிச்சுட்டு எப்படி இருக்குன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். தம்ளரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லிவிட்டு வயல் பக்கம் நடந்தார். இன்று காலையில் நம் வீட்டில் அதற்கு முன்னால் அடுப்பே பற்றவைக்கவில்லை.

அவரை விட்டுவிடு, அவர் பாரம் அவருக்கு. உன்னிடம்தான் கேட்கிறேன். உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால், இதோ சொல்லிவிட்டேன், வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் நன்றாக யோசி. தெரியும் என்றால், வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, செம்பருத்திச் செடியிலிருந்து ஆரம்பித்துச் சொல். எனக்குச் சொல்ல வேண்டாம், அவளுக்குச் சொல். அதற்கப்புறம் அவள் வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

நாளைக்குச் சாயங்காலம் வழக்கம்போல நீ கூப்பிடுவாய். "டீ குடிச்சியாம்மா?" என்று கேட்பாய். கேள். "குடிக்கலடா, உப்புக் கரிக்குது" என்று சொல்லப் போகிறேன். அதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று கேட்க, போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

உன் அம்மா